பின்சுவரில் ஒரு நாய்

கால் ஒடிந்து வீட்டில் கிடப்பவனுக்கு வேலை எதுவும் இல்லை என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, லயமே கூடி முடிவு கட்டிவிடும். அடுத்த அறைக்காரர்களின், அடுத்த காம்பராக் கோழி எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினால் நான் விரட்ட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களின் சாவியெல்லாம் என் தலைமாட்டு ஆணியில் தொங்கும். என் பெயர் கணேசமூர்த்தி. நுவரெலியாவில் ஒரு பெரிய ஓட்டலில் பெட்டி தூக்குகிற ஆள். வெள்ளைக்காரர்கள் உள்ளே என்னதான் வைத்திருப்பார்களோ, அந்தக் கனத்தைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியவன், லீவில் வந்த அன்றைக்கு மலைத்தண்ணீர் வந்து விழுகிற எங்கள் பீலிக்கரையில் அரை வாளித் தண்ணீரோடு வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை உடைத்துக்கொண்டேன். என் மனைவி ஜீவராணி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது வழியெல்லாம் அழுதவளும் அவள்தான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. பூண்டுலோயாவிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வருகிற ரோட்டில் மண் இறங்கி பஸ் நின்றது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கரண்ட் போனது, அதோடு டீவி போனது, போனும் செத்தது. ஜீவராணி மட்டும் விடியும் முன்னே தலையில் பிளாஸ்டிக் சீட்டைப் போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போய்விடுவாள். அங்கே ஆள் கணக்கில் பேர் விழுந்தால்தான் அன்றைக்குக் கொழுந்து பறிக்கிற வேலை.

மிச்சம் இருந்தது ஒற்றைக் காம்பராவும் அதற்குள் நாங்கள் மூன்று பேரும். பூரணிக்கு ஏழு வயது, கிஷாந்துக்கு ஐந்து. நாலாவது ஆளாக என் பிளாஸ்டர் கால். வெளியே போனால் சாரல், கதவைச் சாத்தினால் அடுப்புப் புகை. பிள்ளைகள் சண்டை போட்டு ஓடினால் என் காலில்தான் வந்து விழ வேண்டும், வேறு இடமில்லை. தெரிந்த கதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். தெரியாத கதையையும் சொன்னேன். கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மல்லாந்து கிடக்கும்போது, இனிமேல் இந்த நாலு சுவரைத் தவிர எதையும் பார்க்கப் போவதில்லை என்று தோன்றி மூச்சு முட்டும். கத்த வேண்டும் போலிருக்கும். பிள்ளைகள் பயப்படுமே என்று கத்தமாட்டேன்.

படம் பார்க்கிற யோசனை அப்போதுதான் வந்தது. எங்கள் ஓட்டலில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும். ஆற்றங்கரை, சில மாடுகள், தூரத்தில் தொப்பி போட்ட ஒருவன். பெட்டியின் மூலை அதில் இடித்துவிடக் கூடாது என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இருந்ததில்லை. ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பிள்ளைகள் இரண்டையும் அதற்கு முன்னால் படியிலேயே உட்கார வைத்துவிட்டாள். நான் அவர்கள் பெட்டியோடு பின்னால் நிற்கிறேன். தாண்டிப் போகவும் முடியாது, இறக்கி வைக்கவும் இடமில்லை. அவள் கேட்டதெல்லாம் மூன்றே கேள்வி. என்ன தெரிகிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? என் ஓட்டல் இங்கிலீஷுக்கு அது நன்றாகவே விளங்கியது.

சின்னவன், மாடு அழுகிறது என்றான். மாடாவது அழுவதாவது, நானாக இருந்தால் மண்டையில் ஒன்று வைத்திருப்பேன். அவள் சிரிக்காமல், எதைப் பார்த்துச் சொல்கிறாய் என்றாள். அவன் மாட்டுக் கண்ணுக்குக் கீழே இருந்த ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினான். இருந்தது. இத்தனை வருஷமும் அந்த மாடு அழுதுகொண்டு நின்றிருக்கிறது, நான் பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குத் தோள்வலிகூடத் தெரியவில்லை எனக்கு.

அதே மூன்று கேள்வியை வைத்து என் காம்பராவில் வகுப்பு தொடங்கினேன். முதல் படம் பிஸ்கட் டின். மூடியில் ஒரு குதிரை வண்டி.

"என்னா தெரியுது?"

"குதிரைக்குப் பசிக்குது" என்றான் கிஷாந்த்.

"எதப் பாத்துடா சொல்ற?"

"அது மூஞ்ச டின்னுக்குள்ள திருப்பிக்கிட்டு நிக்குதுல்ல? உள்ள பிஸ்கட் இருக்குன்னு அதுக்குத் தெரியும்."

அடுத்தது முருகன் காலண்டர். பூரணி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "மயிலு மட்டுந்தான்ப்பா நம்மளப் பாக்குது. சாமி வேற எங்கயோ பாக்குறாரு" என்றாள். வேலை விட்டு வந்த ஜீவராணிக்கு அது பிடிக்கவில்லை. சாமியைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது என்றாள். நான் விடவில்லை. "நம்ம வூட்டுல படம் பாக்கறப்ப தப்புன்னு ஒன்னு கெடையாது. யாரும் என்னா வேணும்னாலும் சொல்லலாம்." அதுதான் எங்கள் வகுப்பின் சட்டம். பிள்ளைகளுக்குச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போனது.

லயத்தில் நடுச்சுவர் கூரைவரை எட்டாது. பக்கத்துக் காம்பராவில் வெங்காயம் உரித்தால் எங்களுக்குக் கண் எரியும். அங்கே ராசம்மா அக்கா தனியாக இருக்கிறார், தோட்ட வேலையிலிருந்து நின்றவர். அவர் சும்மா இருப்பாரா?

"என்னா தம்பி, வேல வெட்டி இல்லாம புள்ளைங்களுக்குப் படம் காட்டுறியாக்கும்?"

"ஆமாக்கா. டிக்கெட் இல்ல, நீங்களும் வாங்க."

அவர் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு மேலாக, "ஏய் பூரணி, அந்த மயிலு காலடியில பாம்பு இருக்குதா பாரு" என்று குரல் வந்தது. எங்கள் வகுப்பில் ஓர் ஆள் கூடியது.

பிஸ்கட் டின், காலண்டர், பால்மாப் பெட்டி, எங்கள் கல்யாண போட்டோ. இருந்ததே அவ்வளவுதான். எல்லாம் தீர்ந்த பிறகு கிஷாந்த் தானாகவே பின்சுவரைப் பார்க்கத் தொடங்கினான்.

எங்கள் லயத்தின் முதுகு மலைக்குத்தான். பின்சுவருக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓட ஒரு கான், கானுக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக மண்மேடு, அதற்கு மேலே தேயிலை. சுவரில் ஈரம் ஊறி, பாசி பிடித்து, சுண்ணாம்பு உரிந்து, வெடிப்புகள் நாலா பக்கமும் ஓடிக் கிடக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த சுவர். அதில் கிஷாந்த் ஒரு கப்பலைக் கண்டுபிடித்தான். பூரணி தோடு போட்ட ஒரு பொம்பளையைக் கண்டுபிடித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், ஒரு நாயைக் கண்டுபிடித்தார்கள்.

அது உண்மையிலேயே நாய்தான். மடங்கிய காது பாசி. நீண்ட மூக்கு, உரிந்த சுண்ணாம்பு. கண்ணுக்கு ஒரு பழைய ஆணி. வாய் இருக்கிற இடத்தில் மயிர் போல ஒரு வெடிப்பு, இறுக்க மூடிய வாய். ஜிம்மி என்று பேர் வைத்தார்கள். தினமும் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஜிம்மியைப் பார்த்து, அது இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்வார்கள். கோபமாக இருக்கிறது, தூங்கப் போகிறது, அம்மாவைத் தேடுகிறது. நான் அந்த மூன்று கேள்வியையும் கேட்பேன். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு மழைச் சத்தம் கேட்காது.

ஜீ.எஸ். மாத்தயா குடையோடு லயத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. கிராம சேவகர் என்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் சிங்களத்தில் சொன்னதை இஸ்தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் எல்லோருக்கும் தமிழில் சொன்னேன். மலை நிறையத் தண்ணீர் குடித்திருக்கிறது. சுவரில் புது வெடிப்பு வந்தாலோ, கதவு இறுகினாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றில் கலங்கல் வந்தாலோ நிற்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். இப்போதே போனால் இன்னும் நல்லது. "பரிஸ்ஸமென்", கவனம் என்று சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்கு இறங்கினார்.

எல்லோரும் அவரவர் சுவரைப் போய்ப் பார்த்தார்கள். எது புது வெடிப்பு, எது பழைய வெடிப்பு? மழைக்குக் கதவு இறுகாத காம்பரா எது? வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன நாளிலிருந்து வெடித்துக்கொண்டிருக்கிற சுவர்கள் இவை.

நான் ஜீவராணியிடம் போய்விடலாம் என்றேன்.

"போயி?"

"பள்ளிக்கூடத்துல இருப்போம். மழ விட்டதும் வருவோம்."

"மேட்டு லயத்து ஆளுங்க அப்பிடித்தான் எறங்குனாங்க. மழ விட்டுச்சு. தோட்டத்துக்காரங்க திரும்ப ஏற விட்டாங்களா? கூரைத் தகரத்தக் கழட்டிட்டாங்க. இன்னமும் கிரவுண்டுல கொட்டில் போட்டு இருக்காங்க, போயிப் பாருங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எங்கள் காம்பரா எங்களுடையது இல்லை. தோட்டத்துடையது. ஜீவராணி கொழுந்து எடுக்கிறவரை அதில் இருக்கலாம். புது வீடு வரும், காணி வரும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்கிறார்கள். இறங்கினவர்கள் கதி கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

"உசுரு பெருசா, காம்பரா பெருசா?" என்று கத்தினேன். பக்கத்துக் காம்பராவில் பாத்திரச் சத்தம் நின்றது.

"காம்பரா இல்லாத உசுர எங்கங்க கொண்டுபோயி வைக்கிறது?" அவள் கத்தவில்லை. சொல்லிவிட்டு ஈரப் படங்கை அடுப்புக்கு மேலே விரித்துப் போட்டாள். "புது வெடிப்பு ஒன்னு காட்டுங்க. ஒன்னே ஒன்னு. நான் வாறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து இரண்டு பிள்ளைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். எழுந்திருக்க முடிந்தால்தானே. பீலிக்கரைக்கே என்னை இரண்டு பேர் தாங்கிப் போக வேண்டும். என் பிள்ளைகளை வெளியே கொண்டுபோக நான் அவளைக் கெஞ்ச வேண்டும், அவள் தோட்டத்தைக் கெஞ்ச வேண்டும். அடக்கமாட்டாமல் பிளாஸ்டரில் கையால் குத்தினேன். வலித்தது எனக்குத்தான்.

மறுநாள் அவள் பெரட்டுக்குப் போனதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே சுவர் சுவராக நகர்ந்தேன். புது வெடிப்பு ஒன்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று வைராக்கியம். ஒவ்வொரு கோட்டையும் முகர்ந்து பார்க்காத குறை. எல்லாம் புதுசாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழசாகவும் தெரிந்தது. கூரையோரம், ஜன்னலடி, வாசல் நிலை. இடுப்பு விட்டுப்போனது.

"அப்பா, ஜிம்மி கொட்டாவி விடுது" என்றான் கிஷாந்த்.

"சபாஷ். இன்னும் என்னா?" என்றேன், ஜன்னலடியைத் தடவிக்கொண்டே.

"தூக்கம் வருதாக்கும்" என்று சுவருக்கு மேலிருந்து ராசம்மா அக்கா.

அன்று பூராவும் மழை விடவில்லை. அடுத்த நாளும் அதே டார்ச், அதே சுவர். இந்தத் தடவை நடுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, ஜிம்மிக்குப் பல்லு தெரியுது."

"நல்லாருக்குடா. இன்னும் என்னா?"

"பல்லு இல்ல, அது பொய்" என்றாள் பூரணி. "நேத்து வாயி கொஞ்சமாத்தான் தொறந்திருந்துச்சு. அதுக்கு முந்தி மூடித்தான் இருந்துச்சு."

"தப்புன்னு சொல்லக் கூடாது! அப்பா, அக்கா தப்புன்னு சொல்றா!"

"சண்ட போடாதீங்க, ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்" என்றேன் எரிச்சலோடு. நான் எவ்வளவு பெரிய வேலையில் இருக்கிறேன், இவர்களுக்கு நாயின் பல்லுதான் முக்கியம்.

கிஷாந்துக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க எதப் பாத்து சொல்றன்னு கேக்கவே மாட்டேங்கிறீங்க" என்றான்.

உண்மைதான். இரண்டு நாளாக நான் முதல் கேள்வியிலிருந்து மூன்றாவதுக்குத் தாவிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டார்ச்சை வைத்துவிட்டு, "சரி சொல்லு. எதப் பாத்து ஜிம்மி வாயத் தொறக்குதுன்னு சொல்ற?" என்றேன்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், ஜிம்மியின் வாயில் ஆள்காட்டி விரலை வைத்தான். விரல் உள்ளே போனது.

"இந்தா பாருங்க. நேத்து நகம் மட்டுந்தான் போச்சு."

நகர்ந்து போய் டார்ச்சை அடித்தேன். கல்லின் விளிம்பு வெள்ளையாக, பல் மாதிரியே, ஈரமாகத் தெரிந்தது. ஆணிக் கண்ணிலிருந்து கீழே வாய்வரை, வாயிலிருந்து அடுப்படிக் கதவு நிலை வரை வெடிப்பு ஓடியிருந்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். வாய்க்குள்ளிருந்து குளிர்காற்று வந்தது, மண் வாடையோடு.

"அக்கா!" என்று கத்தினேன். "ராசம்மா அக்கா! ஒங்க பக்கத்துச் செவுத்துல அடுப்படி ஓரமா பாருங்க! வெரல் போகுதா பாருங்க!"

அந்தப் பக்கம் பாத்திரங்களை ஒதுக்குகிற சத்தம். அப்புறம், "போகுது தம்பி" என்று ரொம்பச் சின்னக் குரலில் வந்தது.

அவரைக் கொழுந்து மலைக்கு அனுப்பி ஜீவராணியைக் கூப்பிட்டேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவள், கூடையைக்கூட இறக்காமல் நின்றாள். பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து கத்தின. ஜிம்மி என்றைக்கு வாயை மூடியிருந்தது, என்றைக்குக் கொட்டாவி விட்டது, என்றைக்குப் பல் தெரிந்தது, எல்லாம். அவள் சுவருக்குக் கிட்டே போய் விரலை விட்டாள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்த விரல். எடுத்துப் பார்த்தாள். நுனியில் சேறு.

அடுப்பில் பாதி வெந்த சோற்றுப் பானையைத்தான் முதலில் தூக்கினாள். அப்புறம் பிள்ளைகளை. அப்புறம்தான் என்னைப் பார்த்து, "எந்திரிங்க" என்றாள். எந்திரிக்க முடியாது என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

லயத்து ஆள்கள் வந்தார்கள். ஒவ்வொருவராக ஜிம்மியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்கள். "கடிக்காது, விடுங்க" என்று கிஷாந்த் எல்லோருக்கும் தைரியம் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. வெளியே போய் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு அவரவர் காம்பராவுக்குள் ஓடினார்கள். என்னைக் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராசம்மா அக்கா கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பறை. சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று, "என்னா தெரியுது?" என்று கேட்டேன். கிஷாந்த் ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "அதான் அடியில எழுதியிருக்கே, ஆப்பிள்னு" என்றான். அதோடு சரி. அங்கே இருந்தவரை அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

மலை இறங்கவில்லை. மேட்டிலிருந்து கொஞ்சம் மண் சரிந்து கானை அடைத்து, பின்சுவரின் முழங்கால்வரை வந்து நின்றுவிட்டது. மழை ஓய்ந்தது. நான் சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. தோட்டத்துக் கண்டாக்கு ஐயா, வேலையை மேற்பார்க்கிறவர், வகுப்பறை வாசலில் வந்து நின்றுகொண்டு சிரித்தார்.

"என்னா கணேசமூர்த்தி, செவுத்துல இருக்கிற நாய்க்குப் பயந்தா இத்தன பேரையும் கெளப்பிக்கிட்டு வந்த? ஒன்னும் விழலியே."

"வெடிப்பு இருக்குங்க ஐயா. வெரல் போகுது."

"மேசன அனுப்பியிருக்கேன். இனிமே குண்டூசி போகாது."

மண்ணைச் சோதிக்கிற ஆள்கள் வந்து பார்த்த பிறகு போகலாம் என்று ஜீ.எஸ். மாத்தயா சொன்னார். அவர்கள் ரோடு திறந்த பிறகு வரிசைப்படி வருவார்களாம். அதற்குள் பள்ளிக்கூடம் திறக்கிற நாள் வந்துவிட்டது. வகுப்பறையில் எங்கள் பானை சட்டியை வைத்துக்கொண்டு பிள்ளைகள் எங்கே படிப்பது? எங்கள் பிள்ளைகளும் அங்கேதானே படிக்க வேண்டும். கிரவுண்டில் மேட்டு லயத்துக் கொட்டில்களுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் இடம் இருக்கிறது என்றார்கள். ஜீவராணி போய் அதைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து பாயைச் சுருட்டினாள்.

"எங்க போறோம்?" என்றேன்.

"எங்க போறதாம்? நம்ம காம்பராவுக்குத்தான்."

நான் என் தலையணையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

காம்பரா பளிச்சென்று இருந்தது. மேசன் வெடிப்புகளை எல்லாம் சிமெந்தால் பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார். கல்யாண வீடு மாதிரி வெள்ளை. கப்பல் இல்லை, தோடு போட்ட பொம்பளை இல்லை, ஜிம்மி இல்லை. கண்ணாக இருந்த ஆணியையும் பிடுங்கி எறிந்திருந்தார்கள். ஜீவராணி சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் பூசியிருக்காங்க" என்றாள். குரலில் நம்பிக்கை இல்லை.

பிள்ளைகள் சுவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள், வழக்கம் போல. நானும் வழக்கம் போல, "என்னா தெரியுது?" என்றேன்.

"ஒன்னும் தெரியல" என்றாள் பூரணி.

"இன்னும் நல்லாப் பாரு."

"நெசமா ஒன்னும் தெரியலப்பா."

இரண்டு பேர் முகமும் விழுந்துபோனது. எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது. சுண்ணாம்புக்குப் பின்னால் அது அப்படியேதான் இருக்கிறது. மலையும் அங்கேயேதான் இருக்கிறது. இனிமேல் அது வாயைத் திறந்தால் எங்களுக்குச் சொல்வது யார்? குருடனைக் கொண்டுவந்து குழிக்குப் பக்கத்தில் விட்ட மாதிரி ஆகிவிட்டது எங்களுக்கு.

"கிரேயான எடு" என்றேன் பூரணியிடம். "ஜிம்மி எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

கேட்க வேண்டுமா? அடுப்படிக் கதவு நிலையிலிருந்து சாண் வைத்து அளந்தாள். காது இங்கே, கண் இங்கே, மூக்கு இங்கே என்று கிஷாந்த் கையால் தொட்டுக் காட்டினான். ஒரே ஒரு தடவைதான் சண்டை வந்தது, காதைப் பற்றி. நீல நிறத்தில் ஜிம்மி திரும்பவும் வந்து நின்றது. வாய் இருந்த இடத்தில், சிமெந்துக்குள் வெடிப்பு ஓடுகிற கோட்டின் மேலேயே, பூரணி ஒரு நீளக் கோடு இழுத்தாள். மூடிய வாய்.

நான் அவளிடமிருந்து கறுப்புக் கிரேயானை வாங்கி, நகர்ந்து போய், அந்த வாய்க்குக் குறுக்கே சின்னச் சின்னதாகக் கோடு போட்டேன். மேல் உதட்டையும் கீழ் உதட்டையும் சேர்த்து, நெருக்கமாக, வாய் முழுக்க.

"என்னாப்பா செய்யிறீங்க?" பூரணி என் கையைப் பிடித்தாள்.

"தையல் போடுறேன். வாயி லேசா தொறந்தாலும் தையல் விட்டுப்போகும். ஒடனே தெரிஞ்சிரும். தெனம் காலையில ரெண்டு பேரும் பாக்கணும். எல்லாத் தையலும் இருக்கான்னு சொல்லணும். வெளங்குச்சா?"

"வெளங்குச்சு."

"தப்பாச் சொல்லக் கூடாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பூரணி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். எங்கள் வகுப்புச் சட்டத்தை நானே உடைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் அதைக் கேட்காமல் கிரேயான்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள்.

இப்போது தினமும் காலையில் இரண்டு பேரும் சுவருக்கு முன்னால் நிற்கிறார்கள். ஜிம்மிக்குக் கோபமா, தூக்கமா, அம்மாவைத் தேடுகிறதா என்று யாரும் சொல்வதில்லை. "எல்லாம் இருக்குப்பா" என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். சுவருக்கு மேலிருந்து ராசம்மா அக்காவும், "இருக்குதாடி பூரணி?" என்று கேட்டுவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கிறார்.

நேற்றுச் சாயங்காலம் திரும்பவும் மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஜீவராணி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கிஷாந்த் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் ஜிம்மியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, வாயத் தைச்சிட்டா அது எப்பிடிக் கொரைக்கும்?"

"கொரைக்காம இருந்தாத்தான்டா நமக்கு நல்லது. சாப்புடு."

"யாராச்சும் வந்தா கொரைக்கணும்ல?"

ஜீவராணி அகப்பையைச் சட்டியில் வைத்தாள். கூரைத் தகரத்தில் முதல் துளிகள் விழத் தொடங்கின. அவள் எழுந்து போய், பிள்ளைகளின் பாயை வாசல் பக்கமாக இழுத்துப் போட்டாள். தன் பாயைக் கொண்டுபோய் அந்தச் சுவரோரம், ஜிம்மியின் மூக்குக்குக் கீழே விரித்து, தலையணையைச் சுவரோடு ஒட்டி வைத்தாள்.

"கொரைக்கட்டும்டா" என்றாள். "மொதல்ல எனக்குத்தான் கேக்கணும்."